சுருக்குப்பையும் சோதனை வாசலும்



புனித மக்காவைப் பற்றியும் மதீனாவைப் பற்றியும், கஅபாவை முதன்முதலாகக் கண்ட கண்கள் கலங்கியதைப் பற்றியும் ஆற்றல் மிக்க பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத முற்பட்டது அப்பயணத்தின் மிகச் சிறிய ஒரு துண்டைப் பற்றி. விமான நிலையத்தில் சோதனை வாசலுக்கு இப்பக்கம் பத்தடி, அப்பக்கம் பத்தடி. அந்த இருபதடித் தூரத்தைக் கடக்க நானும் என் தாயாரும் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தர்மபுரி மாவட்டத்தில் வாழும் நம்மவர்களுக்கு வானில் ஏற இரண்டு வழிகள். கிழக்கே சென்னை, ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வடக்கே பெங்களூர், அதில் பாதித் தொலைவு. ஹஜ் கமிட்டி மூலம் செல்வோர் கமிட்டி குறிப்பிடும் இடத்திலிருந்தே புறப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டில் தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று விமானம் ஏற நேர்ந்ததும், 2023இல் அந்த வாய்ப்பு மீண்டும் சென்னைக்குக் கிடைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். சொந்த ஏற்பாட்டில் உம்ராவுக்குச் செல்வோர் பெரும்பாலும் பெங்களூரையே நாடுகின்றனர். நாங்களும் அவ்வாறே சென்றோம். என் தாயாருக்கு வயது 71. அத்தா மௌத்தாகி ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் உயிரோடிருக்கும்போது இருவருமாகச் செல்லத் திட்டமிட்டு, ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த பயணம் அது.

வளைகுடா நாடு ஒன்றில் இறங்கி, வேறு விமானம் மாறி ஜித்தா செல்லவேண்டும். இடையில் எங்கே உடை மாற்றுவது, எங்கே குளிப்பது என்று யோசித்து, வீட்டிலேயே குளித்து இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டு புறப்பட்டேன். உடை வேறு, நிய்யத் வேறு. மீக்காத் எல்லையை விமானம் நெருங்கும்போது நிய்யத் செய்து தல்பியா முழங்கினால் போதும் என்று எங்கள் பள்ளிவாசல் இமாம் விளக்கியிருந்தார்கள். பெட்டியில் வைத்து அனுப்பினால், பெட்டி வழிதவறிப் போனால் என்ன செய்வது என்ற அச்சமும் ஒரு காரணம்.

ஆண்களின் இஹ்ராம் என்பது தைக்கப்படாத இரண்டு துண்டுகள். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. உள்ளாடையும் தைத்ததே ஆகையால் அதுவும் கூடாது. இடுப்பில் பணப்பையோடு கூடிய ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ள உலமாக்கள் அனுமதி அளித்துள்ளனர். இப்போது கடைகளில் கிடைக்கும் அகலமான பெல்ட்டில் மூன்று பைகள், இரண்டு ஜிப், ஒரு பெரிய உலோகக் கொக்கி. என் மைத்துனர் அன்பளிப்பாகக் கொடுத்தார். அதை இறுக்கிக் கட்டிக்கொண்டதும், இடுப்புத் துண்டை முடிச்சிட்டுக் கட்டவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. வாழ்நாளெல்லாம் கைலி கட்டியவன் நான். கைலி மூட்டியது, இஹ்ராம் மூட்டாதது. இந்த வேறுபாட்டை நான் எண்ணிப் பார்த்திருக்கவேண்டும்.

அம்மா வழக்கமாக அணியும் வெள்ளை உடையில், இடுப்பில் சுருக்குப்பையோடு காரில் ஏறினார். அந்தச் சுருக்குப்பையை நான் கவனிக்கவே இல்லை. நாள்தோறும் காண்பதைக் கண் கவனிப்பதில்லை.

தர்மபுரியை விட்டு வெளியேறும்போது, ஊருக்குள் நிற்கும் மன்றோ நினைவுத் தூணைப் பற்றி ஓட்டுநர் தம்பி கேட்டார். பலருக்கு அத்தூண் எதற்கென்று தெரியாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761இல் பிறந்த தாமஸ் மன்றோ 1780இல் கும்பினிப் படையில் கேடட்டாகச் சென்னையில் வந்திறங்கியவர். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட இந்தப் பாராமகால் சீமை, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியின் கைக்கு மாறியது. அப்போது நிலவரி வகுக்க அனுப்பப்பட்ட கேப்டன் ரீடுக்கு உதவியாளராக வந்த மன்றோ, 1799 வரை இங்கே பணியாற்றினார். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னரானபின்பும் தர்மபுரியை அவர் மறக்கவில்லை என்பார்கள். சென்னைத் தீவுத்திடலருகே சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை அவருடையதே. இந்த ஸ்காட்லாந்துக்காரரை ஏன் இங்கே இழுக்கிறேன் என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள். அந்நாட்டவர் ஒருவர் இக்கட்டுரையில் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரி வந்தது. 2004 பிப்ரவரி வரை அதுவும் நம் மாவட்டமே. கோட்டை மலையை அண்ணாந்து பார்த்த அம்மா, "உங்க அத்தாவோட இந்த வழியா எத்தனை தடவை மாங்காய் வாங்க வந்திருப்பேன்" என்றார். சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி. பிறகு பெங்களூரின் நெரிசலைத் தாண்டி, நகருக்கு வடக்கே தேவனஹள்ளி. 2008 மே மாதம் அங்கே தொடங்கப்பட்ட விமான நிலையத்திலிருந்துதான் நம்மவர்கள் பறக்கிறார்கள். அந்த தேவனஹள்ளிதான் திப்பு சுல்தான் பிறந்த ஊர். திப்புவின் ஆட்சியில் இருந்த ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு, அவர் பிறந்த ஊரில் விமானம் ஏறுகிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவங்க ஹஜ்ஜு செய்தாங்களா?" என்று கேட்டார். இல்லை, போரிலேயே அவருடைய காலம் கழிந்துவிட்டது என்றேன். சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் வந்தார்.

பெட்டிகளைக் கவுண்டரில் ஒப்படைத்தோம். குடியேற்றப் பிரிவில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். அதன்பின்பே பாதுகாப்புச் சோதனை. இந்த வரிசை முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது முக்கியமாகிறது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பெண்களைத் திரைபோட்ட சிறு அறைக்குள் பெண் காவலரே சோதிப்பார்.

என்னிடம் பெல்ட்டைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். இடக் கையால் இடுப்புத் துண்டைப் பிடித்தபடி உலோகம் கண்டறியும் வாசலைக் கடந்து மேடையில் ஏறினேன். காவலர் இரண்டு கைகளையும் உயர்த்தும்படி சைகை செய்தார். ஒரு கையை உயர்த்தினேன். மற்றதையும் என்றார். வாசகர்களே, அந்த நிலையில் என் மனம் பட்ட பாட்டை எழுத்தில் வடிக்க இயலாது! உள்ளே வேறு ஆடை இல்லை. பின்னால் நூறு பேர். நல்லவேளையாக அந்தக் காவலர் வயதில் மூத்தவர். நிலைமையைப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு கையாக உயர்த்தச் சொல்லி, கருவியால் தடவிப் பார்த்து அனுப்பிவைத்தார்.

பெல்ட்டை மீண்டும் கட்டிக்கொண்டு திரும்பியபோது பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. உருது பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பம். எனினும் எங்கள் தெருவில் பாதி வீடுகள் உருது வீடுகள் ஆகையால் அம்மாவுக்கு அது நன்றாக வரும். திரைக்கு வெளியே நின்றுகொண்டு, "என்னம்மா?" என்றேன். பெண் காவலர் எட்டிப் பார்த்தார். இருபத்தைந்து வயதுகூட இராது. அவருடைய உள்ளங்கையில் அத்தாவின் பாக்குவெட்டி இருந்தது.

பாக்குவெட்டி என்றால் உங்களில் இளையவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. இரண்டு கைப்பிடிகளை ஒன்றாக அழுத்தினால் நடுவிலுள்ள இரும்பு அலகு கொட்டைப் பாக்கை நறுக்கும். இது பென்னாகரம் சந்தையில் அத்தா இளவயதில் வாங்கியது. பிடிகளில் பித்தளைப் பூண். கையழுத்தத்தில் அந்தப் பித்தளை தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. இருவரும் வெற்றிலை போடுவார்கள், பாக்கு நறுக்கிக் கொடுப்பது அத்தாவின் வேலை. அவர் மௌத்தான பின் அம்மா வெற்றிலையை விட்டுவிட்டார், பாக்குவெட்டியை விடவில்லை. சுருக்குப்பையில் சுர்மாக் குப்பி, தஸ்பீஹ் மணி, நாலைந்து ஊக்குகள், பீரோ சாவி, காலியான சுண்ணாம்பு டப்பி ஆகியவற்றோடு அதுவும் இருந்தது. ஆறு ஆண்டுகளாக!

பெண் காவலர் மரியாதையோடுதான் சொன்னார்: "அம்மாஜி, கூர்மையான கருவி கேபினுக்குள் வரக்கூடாது." பெட்டியில் போட்டிருக்கலாம். பெட்டியோ கவுண்டரில் போய்ச் சேர்ந்துவிட்டது. வெளியே நிற்கும் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பலாம் என்றால் நாங்கள் குடியேற்றப் பிரிவைத் தாண்டிவிட்டோம். திரும்பிச் செல்வதாயின் குத்திய முத்திரையை இரத்து செய்து, மீண்டும் முதலிலிருந்து வரவேண்டும். விமானம் புறப்பட ஐம்பது நிமிடமே இருந்தது. தவறு முழுவதும் என்னுடையது. 71 வயதான தாயாரை அழைத்துச் செல்பவன், புறப்படும்முன் அவருடைய இடுப்பில் என்ன இருக்கிறதென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும்.

அம்மா அந்தப் பெண்ணிடம் கேட்டது இதுதான்: "உங்க வீட்டுல வெற்றிலை போடறவங்க யாராச்சும் இருக்காங்களா, பேட்டீ? நீயே எடுத்துக்க." ஊரில் தம் பாட்டி போடுவார் என்றாள் அந்தப் பெண். ஆனால் பயணிகளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டியைக் காட்டினாள். உள்ளே கத்தரிக்கோல்கள், தீப்பெட்டிகள், சிகரெட் லைட்டர்கள். அம்மா பாக்குவெட்டியை ஒருமுறை திறந்து மூடிவிட்டு, தம் கையாலேயே அதற்குள் வைத்தார். போடவில்லை, வைத்தார். பிறகு அந்தப் பெண்ணின் தலையைத் தடவி துஆச் செய்துவிட்டு என்னோடு நடந்தார்.

விமானத்தில் அமர்ந்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை. "அல்லாஹ்வுடைய வீட்டுக்குப் போகும்போது எல்லாத்தையும் விட்டுட்டு வான்னு சொல்றாங்க. நான் ஒண்ணை ஒளிச்சு வெச்சுட்டு வந்தேன்" என்று அம்மா ஒருமுறை சொன்னார். அவ்வளவே. அதன்பின் அதைப்பற்றிப் பேசவில்லை.

இந்தக் கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்வோர் நம்மில் உண்டு. நானும் ஒரு காலத்தில் சலித்துக்கொண்டவனே. 1995 வரை மும்பையிலிருந்து ஹாஜிகள் கப்பலில் சென்றார்கள். என் பாட்டனார் கப்பலில் போனபோது அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் அடுப்பு, அரிவாள்மணை எல்லாம் உடன் சென்றனவாம். வானம் அப்படியன்று. 1984 ஆகஸ்டு 2ஆம் நாள் சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு பெட்டியில் வெடித்த குண்டுக்கு 30 பேருக்கு மேல் பலியாயினர். மறு ஆண்டே கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலின்மேல் வெடித்துச் சிதறியது, அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். அதையடுத்தே 1987இல் விமானப் பாதுகாப்புக்கென்று மத்திய அரசில் தனித் துறை அமைந்தது. 1999 டிசம்பரில் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட விமானத்தில், கடத்தியவர்களின் கத்தியால் ஒரு பயணி உயிரிழந்தார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்களின் காவல் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறு கத்தியும் பெருங்கேடு விளைவிக்கும் என்பது இவ்வாறு கற்ற பாடம். பாக்குவெட்டியின் அலகு எந்த அலகு என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

அவ்வாறாயின் சீக்கியர்களுக்கு மட்டும் ஏன் கிர்பான் அனுமதி என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். கிர்பான் அவர்களுக்கு ஆபரணமன்று, மார்க்கக் கடமை. நம் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவே அதைக் கூறுகிறது. 2022ஆம் ஆண்டின் அரசாணைப்படி, அலகு 6 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 9 அங்குலத்துக்கும் மிகாத கிர்பானைச் சீக்கியப் பயணிகள் அணிந்து செல்லலாம். அதுவும் உள்நாட்டு விமானங்களில் மட்டுமே. வெளிநாடு செல்லும்போது அவர்களும் அதைப் பெட்டியில் வைத்து அனுப்பத்தான் வேண்டும். நம் உடையில் மார்க்கம் கேட்பது எது, நாம் பழக்கத்தால் சேர்த்துக்கொண்டது எது என்று பிரித்துப் பார்க்க இது நல்ல அளவுகோல். இரண்டு துண்டுத் துணியை எவரும் தடுக்கவில்லை. தடுக்கப்பட்டவை பெல்ட்டும் பாக்குவெட்டியுமே.

வளைகுடா விமான நிலையத்தில் மறுபடியும் சோதனை. இம்முறை கழிப்பறைக்குச் சென்று, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இடுப்புத் துண்டை இரண்டு மடிப்பாக இழுத்துச் சுற்றி, மேல்விளிம்பை உருட்டிச் செருகி இறுக்கினேன். எங்கள் ஊர் விவசாயி வரப்பில் இறங்குமுன் வேட்டி கட்டுவாரே, அந்தக் கட்டு. அசையவில்லை.

அந்த வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவரைக் கண்டதும் அம்மா என் கையைக் கிள்ளினார். செம்மயிர்த் தாடி வைத்த ஆறடி உயர வெள்ளைக்காரர். முழங்கால் வரை கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை! கால்களில் நீண்ட கம்பளிக் காலுறை. இடுப்பில் சங்கிலியில் கோத்த தோல்பை ஒன்று முன்பக்கமாகத் தொங்கியது. "ஆம்பிளை பாவாடை கட்டியிருக்காரேடா" என்றார் அம்மா. "நானும்தான் கட்டியிருக்கேன்" என்றேன். அம்மா தம்மை மறந்து சிரித்தார். பெங்களூரை விட்டபின் முதல் சிரிப்பு அது.

அவர் ஸ்காட்லாந்துக்காரர். அந்தப் பாவாடைக்கு கில்ட் என்று பெயர், தோல்பைக்கு ஸ்போரன். கில்ட்டில் பை கிடையாது ஆகையால் பணமும் சாவியும் வைக்க அந்தத் தோல்பை. அவர் அதைச் சங்கிலியோடு கழற்றித் தட்டில் வைத்ததும் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவருக்கும் சுருக்குப்பை இருக்கு பாரு." வாசலைக் கடந்தபோது இயந்திரம் ஒலித்தது. கில்ட்டை இடுப்பில் பிணைக்கும் தோல் வார்களின் கொக்கிகள்தாம் காரணம். அவற்றைக் கழற்ற முடியாதே! சலிப்பில்லாமல் நின்று, கைக்கருவியால் சோதிக்க இடங்கொடுத்தார். என் முறை வந்தது. இரண்டு கைகளையும் உயர்த்தினேன். அப்பால் நின்ற அவர் என் உடையையும் தம் உடையையும் பார்த்துப் புன்னகை செய்தார்.

காத்திருப்புக் கூடத்தில் அவரே வந்து பேசினார். நண்பரின் திருமணத்துக்குப் போகிறாராம். பெட்டி தொலைந்தால் மணவிழா உடை இல்லாமற் போகுமே என்று உடுத்திக்கொண்டே வந்துவிட்டாராம். என் காரணமும் அதுவே என்றேன். பேச்சு பாக்குவெட்டிக்குத் திரும்பியது. அவர் தம் வலக்கால் காலுறையின் மேல்விளிம்பைக் காட்டினார். அங்கே ஒரு சிறு கத்தி செருகியிருக்கவேண்டுமாம். ஸ்கீன் டூ என்று பெயர். அவர்களுடைய கேலிக் மொழியில் கறுப்புக் கத்தி என்று பொருள். முற்காலத்தில் மறைத்து வைத்திருந்த கத்தியை, விருந்துக்குச் சென்ற வீட்டில் எல்லாரும் காணும்படி காலுறையில் செருகிக்கொள்வது நாகரிகமாம். உன் வீட்டில் நான் எதையும் ஒளிக்கவில்லை என்று காட்டுவதற்காக அப்படி வைத்தார்கள் என்று அவர்களிடையே ஒரு வழக்குச் செய்தி உண்டு. இப்போது எங்கே என்று கேட்டேன். பெட்டிக்குள் போயிற்று என்றார். அதுவும் கடையில் வாங்கிய மலிவான கத்தி. தம் பாட்டனாரின் கத்தி வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை என்றார்.

இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது அவர் மெல்லத் தலையசைத்தார். "விவரமான ஆளு" என்றார்.

அந்த மனிதருக்கு நம் தர்மபுரியில் கிளாஸ்கோக்காரர் ஒருவரின் பெயரால் தூண் நிற்பதைச் சொன்னேன். வியந்தார். இந்த உடையின் வரலாற்றை நான் ஊர் திரும்பிய பின்னரே படித்தறிந்தேன். 1746இல் ஸ்காட்லாந்து மலைநாட்டவரின் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேய அரசு, ஆயுதம் வைத்திருக்கத் தடை விதித்ததோடு அந்த உடைக்கும் தடை விதித்தது. கட்டம் போட்ட அந்தத் துணியை ஆண்பிள்ளை உடுத்தினால் சிறை, மறுமுறை உடுத்தினால் நாடுகடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் அத்தடை நீங்கியது. அதாவது, மன்றோ சென்னையில் கால்வைத்த 1780இல் அவருடைய தாய்நாட்டில் அந்த உடை இன்னும் குற்றமாகவே இருந்தது. அந்த மலைநாட்டுப் படைப்பிரிவுகள் பிற்பாடு நம் திப்புவுக்கு எதிராகப் போரிட்டன என்பது கசப்பான உண்மை. 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைமேல் ஏறிய படையை நடத்திய டேவிட் பெயர்டும் ஸ்காட்லாந்துக்காரரே. தன் வீட்டில் பறிக்கப்பட்டவனே அயல்வீட்டில் பறிக்க வந்தான்! அந்த நல்ல மனிதரிடம் இதையெல்லாம் பேச எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் பேசியிருக்கமாட்டேன்.

இனி, புறப்படவிருக்கும் சகோதர சகோதரிகளுக்குச் சில சொற்கள்.

ஆண்கள் வீட்டிலேயே இரண்டு மூன்று நாள் பெல்ட் இல்லாமல் இஹ்ராம் கட்டிப் பழகுங்கள். கைகளைத் தலைக்குமேல் உயர்த்திப் பாருங்கள், குனிந்து நிமிர்ந்து பாருங்கள். ஊக்குக் குத்திக்கொள்வது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டத் தெரிந்தவருக்கு ஊக்கு தேவையில்லை என்பது என் எண்ணம். பெல்ட்டிலுள்ள பணம், செல்போன் யாவும் எக்ஸ்ரே தட்டில் பிரிந்து போகும், வெளியே வந்ததும் எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்களைத் திரைக்குள் பெண் காவலர்தான் சோதிக்கவேண்டும் என்பது நம் நாட்டில் சட்டம் தரும் உரிமை. அதைக் கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். இஹ்ராம் நிலையில் பெண்கள் முகத்திரையும் கையுறையும் அணியக்கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையாகையால், அந்நிலையில் பாஸ்போர்ட்டோடு முகத்தை ஒப்பிடுவதில் சிக்கலே எழாது. மற்ற நேரங்களில் முகத்திரை அணிபவர்கள், பெண் அதிகாரியிடம் தனியே முகம் காட்டுவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டால் பேச்சு வளராது. கனத்த கொலுசும் கைநிறைய வளையலும் ஒலியெழுப்பும். தாயத்துத் தகடும் ஒலியெழுப்பும். தாயத்துக் கட்டலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை, இயந்திரம் எல்லாருக்கும் ஒன்றுபோல் ஒலிக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். சுர்மாவும் அத்தரும் சிறு குப்பியில் இருந்தால் எவரும் தடுப்பதில்லை. வெளிநாட்டு விமானத்தில் திரவம் எதுவாயினும் குப்பி 100 மில்லியைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று: மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். அரபு நாடுகளில் அது போதைப் பொருட் சட்டத்துக்குள் வரும். பாக்குவெட்டியை இழப்பதோடு அது முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வயதானவர்களின் இடுப்பிலும் மடியிலும் இருப்பதைப் பெட்டி ஒப்படைக்குமுன் கேட்டறியுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு அது உடம்பின் ஒரு பகுதி போன்றது.

உம்ரா நல்லபடியாக நிறைவேறியது, அல்ஹம்துலில்லாஹ். ஊர் திரும்பிய மாதமே நான் பென்னாகரம் சென்று, தேடியலைந்து, ஒரு பாக்குவெட்டி வாங்கி வந்தேன். அம்மா அதை வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார். "அலகு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி, அடுப்படிச் சுவரில் ஆணியில் மாட்டினார். அது இன்றும் அங்கேதான் தொங்குகிறது. சுருக்குப்பைக்குள் போகவில்லை.

எங்கள் தெருவிலிருந்து யார் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்பட்டாலும் ஸலாம் சொல்லி துஆக் கேட்க அம்மாவிடம் வருவது வழக்கமாகிவிட்டது. அம்மா பாயை விரிப்பார். முதலில் தம் சுருக்குப்பையை அவிழ்த்து அதன்மேல் கவிழ்ப்பார். தஸ்பீஹ் மணி, சுர்மாக் குப்பி, பீரோ சாவி, காலியான சுண்ணாம்பு டப்பி. பிறகு வந்திருக்கும் பெண்களைப் பார்த்து, "இப்ப நீங்க எடுத்துப் போடுங்க" என்பார். சென்ற முறை வந்த ஒரு மூதாட்டி எவ்வளவு நேரமாகியும் பையின் வாயை அவிழ்க்காமலே உட்கார்ந்திருந்தார். அம்மா என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.